பழைய காருக்கு ஒரு ரேடியோ

இந்த இதழுக்கு வரும் கேள்விகளில் என் பங்குக்கு வருபவை பெரும்பாலும் புகையான், இலைச்சுருட்டுப்புழு, துத்தநாகக் குறைபாடு என்ற வகையில்தான் இருக்கும். போன முறை வந்த கட்டில் ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. எழுதியவர் புதுக்கோட்டைப் பக்கம் கத்தரியும் வெண்டையும் போடுகிறவர். 2009-ஆம் வருடத்து டாடா ஏஸ் வைத்திருக்கிறார். விடிகாலை மூன்று மணிக்குக் காய் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிறார். “வண்டியில் ரேடியோ, பாட்டு கேட்க ஒரு செட் போட வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் முடியாது. கடைக்காரர் 12,000 சொல்கிறார். உங்களிடம் கேட்கக்கூடாத கேள்வி என்றால் மன்னிக்கவும்” என்று முடித்திருந்தார்.

கேட்கக்கூடாத கேள்வி ஒன்றும் இல்லை. நான் படித்தது வேளாண்மை. அதில் பண்ணை இயந்திரவியல் என்று ஒரு பாடம் உண்டு. ஆனால் டிராக்டரில் பாட்டுப்பெட்டி மாட்டுவதை அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பணத்தை விட்டுக் கற்றது. பணம் மட்டும் போயிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எங்களுக்கு லால்குடிப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு அப்போது 82 வயது. இளவட்டத்திலிருந்தே ரேடியோ கேட்டு விவசாயம் செய்தவர். 1960-களில் திருச்சி வானொலி ஆடுதுறை 27 நெல்லைப் பற்றி விடாமல் எடுத்துச் சொன்னதில், டெல்டாவில் அந்த நெல்லுக்கே ‘ரேடியோ நெல்’ என்று பெயர் விழுந்துவிட்டது. அதை எங்கள் தெருவில் முதலில் நட்டவர்களில் அப்பாவும் ஒருவர். பஞ்சாயத்து ரேடியோவுக்குக் கீழே துண்டை விரித்து உட்கார்ந்து, கேட்டதை மறுநாள் வயலில் செய்து பார்த்தவர். நான் வேளாண்மை படிக்கப் போனதற்கு அந்த ரேடியோவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். அதை நான் அவரிடம் சொன்னதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு இடுப்பு எலும்பு முறிந்தபிறகு அவரால் வரப்பில் நடக்க முடியாமல் போனது. எங்களிடம் 2005-ஆம் வருடத்து மாருதி 800 இருக்கிறது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடமிருந்து வாங்கியது. அலுவலகம் விட்டு வந்ததும் அப்பாவை முன் சீட்டில் உட்காரவைத்து வயலுக்கு ஓட்டிப் போவேன். வாய்க்கால் கரையில் பூவரச மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டால், அங்கிருந்தே நாற்றங்காலிலிருந்து களம் வரைக்கும் பார்ப்பார். அந்த நேரம்தான் மாலை வேளாண் ஒலிபரப்பு வரும் நேரம்.

“ஒரு டிரான்சிஸ்டர் வாங்கிக் குடுத்தா போதாதா?” என்று என் மனைவி கேட்டாள். வாங்கியும் கொடுத்தேன். கைக்கு அடங்கிய அதன் சின்ன ஸ்பீக்கரில் அப்பாவுக்கு இரைச்சல் மட்டும்தான் கேட்டது. காது மெஷினும் ஒத்துவரவில்லை. ஒரே வாரத்தில் பீரோவுக்குள் போய்விட்டது. வீட்டில் உட்கார்ந்து கேட்கலாம் என்றால் டி.வி. சத்தம். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டால் அமைதி. காதுக்குப் பக்கத்தில் நல்ல ஸ்பீக்கர் இருந்தால் மனிதர் நிம்மதியாகக் கேட்பார் என்று கணக்குப் போட்டேன். வண்டியில் இருந்த பழைய டேப் செட்டோ கேசட்டை மென்று தின்றுவிட்டு ஊமையாகக் கிடந்தது.

இன்னொரு காரணமும் இருந்தது. சம்பா நெல்லில் எலிக் கட்டுப்பாடு பற்றி என்னைப் பேச அழைத்து ஒலிப்பதிவு செய்திருந்தார்கள். பத்து நிமிடப் பேச்சு. ஒலிபரப்பாகும் தேதியும் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு அது தெரிந்ததிலிருந்து, தினமும் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது அந்தத் தேதியை ஒரு தடவை தொட்டுப் பார்ப்பார்.

ஒரு சனிக்கிழமை நகரத்தில் ஒரு கார் அக்சஸரீஸ் கடைக்குப் போனேன். கடைப்பையன் என் வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு சுவரில் தொங்கிய பெட்டிகளைக் காட்டினான். நான் கேட்டது ரேடியோ. அவன் சொன்னது புளூடூத், பென் டிரைவ், ஏழு கலரில் மின்னும் பட்டன். “எஃப்எம் இருக்கா?” என்று கேட்டேன். “எல்லாம் இருக்கு சார்” என்றான். மாருதி 800-க்குப் பின் சீட்டுக்கு மேலே உள்ள தட்டில் ஆறுக்கு ஒன்பது அங்குல ஓவல் ஸ்பீக்கர்தான் எல்லோரும் போடுவார்கள் என்று ஒரு ஜோடியை எடுத்துவைத்தான். அட்டையில் 500 வாட்ஸ் என்று போட்டிருந்தது. அதை இழுக்க செட் மட்டும் போதாது என்று சீட்டுக்கு அடியில் ஒரு ஆம்ப்ளிஃபயர். செட் 1,600, ஸ்பீக்கர் 2,200, ஆம்ப்ளிஃபயர் 2,400, கூலி 600. மொத்தம் 6,800 ரூபாய். உரக்கடையில் தேவையில்லாத நுண்ணூட்டக் கலவையைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள் என்று முப்பது வருடமாக ஊர் ஊராகச் சொல்லி வருகிறவன் நான். அன்றைக்கு வாயைத் திறக்காமல் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒலிபரப்பு நாள் வந்தது. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். பூவரச மரத்தடியில் நிறுத்தி செட்டைப் போட்டேன். திருச்சி வானொலி மத்திய அலையில் 936 கிலோஹெர்ட்ஸ். அந்த எண் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். செட்டில் எங்கு தேடியும் மத்திய அலை என்ற ஒன்றே இல்லை. பட்டனை அழுத்த அழுத்த எஃப்எம் பாட்டுகள்தான் சுற்றிச் சுற்றி வந்தன. ‘எல்லாம் இருக்கு’ என்றால் எஃப்எம் எல்லாம் இருக்கிறது என்று அர்த்தம்போல. போனில் வானொலியின் செயலியைத் திறந்து பார்த்தேன். எங்கள் வயலில் சிக்னல் ஒரு கோடு வந்தால் பெரிது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நேரம் போய்விட்டது.

அப்பா கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரி விடு. அதுல என்ன பேசின, இப்ப சொல்லு” என்றார்.

காருக்குள் உட்கார்ந்து, எதிரில் மைக் இல்லாமல், பத்து நிமிடப் பேச்சை அவருக்குச் சொன்னேன். வரப்பை அகலமாகப் போடாதீர்கள், பறவை உட்கார ‘ட’ வடிவக் குச்சி நடுங்கள், நஞ்சு கலக்குமுன் இரண்டு மூன்று நாள் வெறும் பொரியை வைத்துப் பழக்குங்கள் என்று எல்லாம் சொல்லி முடித்தேன். “கிட்டியப் பத்திச் சொல்லலியா?” என்றார். தஞ்சாவூர்க் கிட்டியை நான் சொல்லாமல் விட்டிருந்தேன்.

மத்திய அலை இல்லாதது ஒரு குறை என்றால், இருந்த சத்தமும் அவருக்கு உதவவில்லை. எஃப்எம்மில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். “என்ன சொல்றான்னு புரியலை” என்றார் அப்பா. சத்தத்தைக் கூட்டினேன். கதவுத் தகடெல்லாம் அதிர்ந்தது. “தவிலு நல்லா கேக்குது தம்பி, நாயனம் கேக்கல” என்றார். விஷயம் அந்த ஒரு வரியில் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. வயதானால் காதில் முதலில் குறைவது கூர்மையான, உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். ச, த, ப போன்ற எழுத்துகளின் உச்சரிப்பு அந்த உயர்ந்த பகுதியில்தான் தெளிகிறது. அது குறைந்த காதில் அடித்தொண்டை ஒலியைக் கொட்டினால் மிச்சம் இருக்கும் சொல்லும் அதில் மூழ்கிவிடும். நான் 4,600 ரூபாய் கொடுத்து வாங்கிய ஓவலும் ஆம்ப்ளிஃபயரும் சரியாக அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. அதுவும் அவர் தலைக்குப் பின்னாலிருந்து.

இதையெல்லாம் மாற்றவேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஒன்றரை மாதம் ஓட்டினேன். கார்த்திகை மாதம், மழை பிடித்திருந்தது. வயலோரம் வண்டியை நிறுத்தி, தூறல் உள்ளே அடிக்கும் என்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இறங்கினேன். அப்பா பெல்ட் போட்டபடி உள்ளே இருந்தார். பாட்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நான் குடையோடு நின்று பக்கத்து வயல்காரரிடம் மடை பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர்தான் முதலில் பார்த்தார். “சார், உள்ள என்ன புகை?” என்றார்.

டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் சுருள் சுருளாக வந்துகொண்டிருந்தது. அப்பா கைப்பிடியைத் தேடிக்கொண்டிருந்தார், கிடைக்கவில்லை. கதவைத் திறந்தேன். பெல்ட் கழற்ற வரவில்லை. என் விரல்தான் நடுங்கியது, பெல்ட்டில் கோளாறு இல்லை. இரண்டு பேருமாக அவரை இறக்கி வரப்பில் உட்காரவைத்தோம். பிறகு பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைக் கையாலேயே திருகிப் பிடுங்கினேன். அது லூசாகத்தான் இருந்தது. வேறு நாளாக இருந்தால் அதற்காக எலக்ட்ரீஷியனைத் திட்டியிருப்பேன். புகை நின்றது. அப்பா இருமிக்கொண்டே, “ரேடியோ கெட்டுப் போச்சா?” என்று கேட்டார்.

வண்டியைக் கட்டி இழுத்துப்போய் எங்கள் ஊர்ப் பக்கம் டிராக்டர், பவர் டில்லர் எல்லாம் பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். அவர் டார்ச்சை அடித்து ஓர் ஒயரைக் காட்டினார். ஆம்ப்ளிஃபயருக்காகப் பேட்டரியிலிருந்து நேராக இழுத்த சிவப்பு ஒயர். நடுவில் பியூஸே கிடையாது. தகட்டு ஓட்டை வழியாக உள்ளே போகிற இடத்தில் ரப்பர் வாஷர் இல்லை. பானெட்டுக்குள் அதன் மேல்தோலை எலி கொறித்திருந்தது. கம்பி தகட்டில் பட்டிருக்கிறது, பட்டதும் பேட்டரியின் மொத்த வேகமும் அந்த ஒயருக்குள் ஓடியிருக்கிறது. நெல் மூட்டை அடுக்கிய கொட்டகையில்தான் காரை நிறுத்துகிறேன். எலிக் கட்டுப்பாடு பற்றி வானொலியில் பேசியவன் வண்டியில் எலி கடித்த கதையை எலக்ட்ரீஷியன் கடைக்கு வந்தவர்களெல்லாம் ஒரு வாரம் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை. நான் இன்னும் ஐந்து நிமிடம் மடையைப் பற்றிப் பேசியிருந்தால் என்று நினைத்துப் பார்க்கிற பழக்கம் இன்றைக்கும் போகவில்லை.

பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுப்பதாக இருந்தால், பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் பியூஸ் வேண்டும். ஒயர் எங்கே உரசினாலும் அந்தப் பியூஸ் முதலில் போகும், வண்டி தப்பிக்கும். பியூஸ் ஹோல்டர் விலை ஐம்பது ரூபாய்கூட வராது. கடைக்காரர் போடமாட்டேன் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்கிற எண்ணம் இல்லை.

அந்த எலக்ட்ரீஷியன்தான் எனக்கு வாட்ஸ் கணக்கைக் கற்றுத் தந்தார். எரிந்துபோகாமல் தப்பிய செட்டைக் கழற்றிப் பின்பக்கத்தைக் காட்டினார். முன்னால் 4 x 50 வாட்ஸ் என்று கொட்டை எழுத்து. பின்னால் சொருகியிருந்த பியூஸ் 10 ஆம்பியர். வண்டி ஓடும்போது பேட்டரி சுற்றில் சுமார் 14 வோல்ட் இருக்கும். பத்தைப் பதினாலால் பெருக்கினால் 140 வாட். உள்ளே போகக்கூடியதே 140 என்றால் வெளியே 200 எப்படி வரும்? பாதி சூடாகவே போய்விடும். ஆம்ப்ளிஃபயர் இல்லாத எந்த செட்டிலும் ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து கிடைப்பது 15 முதல் 20 வாட் வரைதான், அட்டையில் என்ன போட்டிருந்தாலும். யூரியா மூட்டை 45 கிலோ என்றாலும் அதில் தழைச்சத்து 20.7 கிலோதான் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறேனே, அதே கதைதான். மூட்டையின் எடை வேறு, உள்ளே இருக்கும் சத்து வேறு. ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பதைப் படிக்கவே வேண்டாம்.

அந்த 15 வாட்டே ஒரு சின்னக் காருக்கு ஏராளம். அதை எவ்வளவு சத்தமாக மாற்றித் தருவது என்பது ஸ்பீக்கரின் வேலை. அட்டையில் சென்சிட்டிவிட்டி என்று ஓர் எண், டெசிபல் கணக்கில், இருக்கும். அது மூன்று கூடினால் பாதி வாட்டில் அதே சத்தம் வரும். 87 போட்ட ஸ்பீக்கரையும் 90 போட்ட ஸ்பீக்கரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டாவதுக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் தேவையே இருக்காது. இந்த எண்ணைப் போடாத ஸ்பீக்கரை நான் வாங்குவதில்லை.

எனவே இரண்டாவது சுற்றில் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கினேன், பின் தட்டின் ஓவல்களைத் தூக்கினேன். முன்கதவுகளில் நான்கு அங்குல ஸ்பீக்கர் ஒரு ஜோடி. வாங்குமுன் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, கதவுக்குள் எவ்வளவு ஆழம் கிடைக்கிறது என்று அளந்துகொண்டோம். ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் காந்தம் பெரிதாக இருந்தால் இறங்குகிற கண்ணாடி அதில் போய் முட்டும். பழைய கதவு கடகடக்கும் என்பதால் ஸ்பீக்கரைச் சுற்றி சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி வைத்துத் திருகினோம். அதற்குச் செலவே இல்லை. அதற்கு முன்பு ஒரு சின்னச் சோதனை. டார்ச் செல் ஒன்றை ஸ்பீக்கரின் இரண்டு காதுகளிலும் ஒரு நொடி தொட்டால், கூம்பு வெளியே தள்ளும், இல்லை உள்ளே இழுக்கும். வெளியே தள்ளும்போது செல்லின் பிளஸ் தொட்ட காதுதான் பிளஸ். ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் மாற்றியும் கொடுத்துவிட்டால் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கும். பல வண்டிகளில் ‘ஸ்பீக்கர் சரியில்லை’ என்று மாற்றுவதே இந்தக் கோளாறுக்குத்தான்.

செட்டுக்கு அலைந்தேன். மத்திய அலை உள்ள செட்டின் பெட்டியில் ‘ஏஎம்/எஃப்எம்’ என்று இரண்டும் எழுதியிருக்கும். வெறும் ‘எஃப்எம்’ என்றிருந்தால் கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் அதில் வராது. புதிதில் அப்படிப்பட்டவை என் கணக்குக்கு மேலே போயின. கடைசியில் எலக்ட்ரீஷியனே ஒரு பழைய கம்பெனி செட்டை 1,800-க்குப் பிடித்துத் தந்தார். சி.டி. வேலை செய்யாது, யாருக்கு வேண்டும் சி.டி.? பழையது வாங்கினால் கழற்றி மாட்டும் முன்பட்டையும், பின்னால் சொருகும் ஒயர் சாக்கெட்டும் கூடவே இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாக்கெட் இல்லாத செட்டை வாங்கினால் அதைத் தேடியே ஒரு மாதம் போகும்.

மாட்டிப் பார்த்தால் மறுபடி ஒரு தலைவலி. 930-க்குப் போகிறது, அடுத்த தட்டில் 940-க்குத் தாவுகிறது. 936-இல் நிற்கவே மாட்டேன் என்கிறது. லீவுக்கு வந்திருந்த என் மகள்தான் செட்டிங்கில் துழாவிக் கண்டுபிடித்தாள். அமெரிக்காவில் மத்திய அலை நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கும். நம் நாட்டில் 9. அந்த செட் எங்கோ சுற்றி வந்ததில் அமெரிக்கக் கணக்கில் கிடந்திருக்கிறது. ஏரியா என்ற இடத்தில் மாற்றியதும் 927, 936, 945 என்று ஒழுங்காக ஏறியது. 936-இல் நின்றதும் முதலில் வந்தது ஒரு விளம்பரம். அதற்கே நாங்கள் மூன்று பேரும் கைதட்டினோம்.

ஒயர் இணைப்பில் ஒரு விஷயம். செட்டின் மஞ்சள் ஒயருக்கு எப்போதும் கரண்ட் வேண்டும், நிலையங்களை ஞாபகம் வைத்துக்கொள்ள. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் கரண்டுக்கு. கறுப்பு எர்த். அவசரக்காரர்கள் சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கிப் பேட்டரியில் கொடுத்துவிடுவார்கள். செட்டை அணைக்க மறந்தால் காலையில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியதுதான். எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய சுத்தமான தகட்டில் திருக வேண்டும். துருவின்மேல் திருகினால் எஞ்சின் வேகம் கூடக் கூட ‘ஙீ’ என்று ஒரு கொசு சத்தம் கூடவே ஏறும்.

மத்திய அலைக்கு ஏரியல் முக்கியம். எஃப்எம் ஒடிந்த ஏரியலிலும் ஓரளவு வரும், மத்திய அலை வராது. எங்கள் வண்டியில் கண்ணாடியோரம் இழுத்து நீட்டும் ஏரியல் பாதியில் ஒடிந்து கிடந்தது. புதிது 350 ரூபாய். அதன்பிறகும் கரகரப்பு இருந்தது. சிகரெட் லைட்டரில் சொருகியிருந்த போன் சார்ஜரைப் பிடுங்கியதும் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் செய்கிற வேலை. எஞ்சினை அணைத்தால் அதுவும் இல்லை. நாங்கள் நிறுத்திவைத்துத்தான் கேட்கிறோம். ஆம்ப்ளிஃபயர் இல்லாத செட் மெதுவான சத்தத்தில் இழுப்பது ஏறக்குறைய ஓர் ஆம்பியர். எங்கள் 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை மணி, ஒரு மணி நேரமெல்லாம் ஒன்றுமே இல்லை. மின்கம்பி வரிசைக்கு நேர் கீழே நிறுத்தாதீர்கள், அங்கே இரைச்சல் வரும்.

கடைசியில் பேஸ் பாதிக்குக் கீழே, டிரெபிள் பாதிக்கு மேலே, லவுட்னஸ் அணைப்பு, சத்தம் அப்பா உட்காரும் இடப்பக்கக் கதவுக்குக் கொஞ்சம் கூடுதலாக. செட் 1,800, ஸ்பீக்கர் 1,500, ஏரியல் 350, ஒயர், பியூஸ், ரப்பர் வாஷர் 250, கூலி 500. மொத்தம் 4,400. முதலில் போன 6,800-ஐ நான் வீட்டில் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை, இந்த இதழை என் மனைவி படித்தால் தெரிந்துகொள்வாள்.

அடுத்த வருடம் மறுபடி பேசக் கூப்பிட்டார்கள். எலியைப் பற்றியே பேசுகிறேன் என்று நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கிட்டியைச் சேர்த்தேன், வண்டிக் கொட்டகையையும் சேர்த்தேன். பூவரச மரத்தடியில் ஒரு பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு இருவரும் கேட்டோம். என் குரலை நானே கேட்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், “வேகமாப் பேசுற. எழுதிக்கிறவனுக்கு நேரம் வேணாமா?” என்றார். பஞ்சாயத்து ரேடியோவுக்குக் கீழே உட்கார்ந்து பென்சிலால் எழுதிக்கொண்டவர் சொல்கிறார். இப்போது கிராமக் கூட்டங்களிலும் நிறுத்திப் பேசுகிறேன்.

இனி, கேள்வி கேட்டவருக்கு. உங்கள் ஏஸில் எஞ்சின் இரண்டு சிலிண்டர் டீசல். ஸ்பார்க் பிளக் இல்லாததால் மத்திய அலையில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் கேபினுக்குள் எஞ்சின் சத்தம் அதிகம். அதற்குப் பதில் வாட்டைக் கூட்டுவது அல்ல. 90 டெசிபலுக்குக் குறையாத ஸ்பீக்கர் ஒரு ஜோடியை முன்னாலேயே, காதுக்குக் கிட்டே போடுங்கள். உஃபரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சீட்டுக்குப் பின்னால் இடமும் இல்லை, அது அங்கே தேவையும் இல்லை. உங்கள் 5,000-க்குள் இது முடியும். எஃப்எம்மும் பென் டிரைவும் போதும் என்றால் இன்னும் குறைவாகவே முடியும். உங்களுடையது 12 வோல்ட் வண்டி. பெரிய லாரிகளில் 24 வோல்ட் இருக்கும், அங்கே கழற்றிய பொருள் எதையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். போன் பேசும் வசதி இருக்கிறது என்று கடைக்காரர் சொல்வார். மூன்று மணி இருட்டில் ஓட்டும்போது அந்த வசதி உங்களுக்கு எதற்கு?

தூக்கம் வராமல் இருக்கப் பாட்டு வேண்டும் என்று கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பாட்டுக்குத் தூக்கம் கலையாது, ஐயா. கண் சொருகினால் ஓரமாக நிறுத்தி முகம் கழுவி ஒரு டீ குடியுங்கள், முடிந்தால் கால் மணி நேரம் கண்ணை மூடுங்கள். சத்தத்தையும், பின்னால் வருகிற பஸ்ஸின் ஹாரன் கேட்கிற அளவுக்குமேல் வைக்காதீர்கள். டிராக்டரில் பெரிய ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ரோட்டவேட்டர் ஓட்டுகிற தம்பிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். பின்னால் ஒருவர் தடுக்கி விழுந்து கத்தினாலும் அந்தத் தம்பிக்குக் கேட்காது. நிறுத்தி இதைச் சொன்னால், “என்ன சார்?” என்று காதைக் காட்டிக் கேட்கிறார்கள்.

ஓவல் ஸ்பீக்கர் ஜோடி எங்கள் வீட்டுப் பரணில் சும்மாதான் கிடக்கிறது. அட்டையில் 500 வாட்ஸ் என்று இன்னும் அழியாமல் இருக்கிறது. யாராவது கேட்டால் இலவசமாகக் கொடுத்துவிடலாம் என்றுதான் வைத்திருக்கிறேன். ஆனால் உங்களுக்குத் தரமாட்டேன்.